பிரித்துப் படித்த மேதை

கோவையை அடுத்த கலங்கல் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒட்டவில்லை. வெள்ளை அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளோ அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது! கோவை உணவு விடுதியில் வேலை பார்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் 300 ரூபாய்க்கு அதனை வாங்கினார். வாங்கியவர் ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். எஞ்சினில் வால்வு தன் இருக்கையில் சற்றே பிசகினாலும் அழுத்தம் கசிந்துவிடும், வண்டி கிளம்பாது. அத்தகைய நுணுக்கங்களைக் கற்பித்த அந்த வண்டியே அவருக்குக் கல்லூரி. பின்னர் மெக்கானிக் ஆனார். 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் பேருந்து ஓட்டினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து நம் நாட்டிலேயே மின் மோட்டாரை உருவாக்கினார். 1974-இல் மறைந்தார்.

சிதறால் சாலையில் மோட்டார் சைக்கிளில் பறந்து வரும் மாணவ நண்பர்களே! ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா? ஒருமுறை பிரித்தும் பாருங்கள்!