லாம்ப்டன் துரையின் சரிதை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைமீது நின்று நோக்குவார்க்குக் கீழைச் சமவெளி விரித்த படம்போலத் தோன்றும். இத்தகைய நிலத்தைப் பிழையறத் தாளில் வரைவது எவ்வாறென்று வினவும் மாணவர்க்கு வில்லியம் லாம்ப்டன் துரையின் சரிதையைக் கூறுவோம்.

1802-ல் சென்னைப் பரங்கிமலைக்கருகில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை நூறடிச் சங்கிலியால் அளந்து அவர் பணி தொடங்கினார். செலவு வீணென்று சிலர் தடுத்தனர். அவரோ தேசமுழுதையும் ஒருங்கே அளக்கத் துணிந்தாரல்லர்; தம் குழுவினரோடு குன்றும் கோபுரமும் ஏறி, ஒவ்வொரு முக்கோணமாக முடித்துச் சென்றார். 1804-ல் பெங்களூரில் மற்றோர் அடிக்கோடு அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலமே. 2001-ல் மென்பொருள் வல்லுநர் ‘அஜைல்’ எனப் பெயரிட்ட குழுவேலை முறையும், சிறு கூறாகச் செய்து அவ்வப்போது சோதித்துத் திருத்துவதேயாகலின், துரையை அதற்கு முன்னோடியென்போம்; மென்பொருளார் நம்மைப் பொறுப்பாராக!

1808-ல் தஞ்சைப் பெரியகோயிற் கோபுரத்தில் ஏற்றுகையில், அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவி கயிறறுந்து மோதி, அதன் வட்டம் வளைந்தது. துரை ஏறக்குறைய ஆறு வாரம் கூடாரத்தினுள் அடைபட்டிருந்து அதனைச் செப்பனிட்டு, மீண்டும் அதனாலேயே அளந்தார். 1823-ல் பணியிற் செல்லும் வழியில் இங்கன்காட்டில் இறந்தார். 1818-ல் உதவியாளராய் வந்த எவரெஸ்டு துரை எஞ்சியதை மேற்கொண்டார்.