மர்மப் பொருளைத் துரத்தி உயிர் நீத்த விமானி மேன்டெல்

புது தில்லி: மணிப்பூர் தலைநகர் இம்பாலின் விமான நிலையத்துக்கு மேலே 2023 நவம்பர் 19-இல் அடையாளம் தெரியாத பொருள் ஒன்று தென்பட்டதும், விமானப் படையின் ரஃபேல் விமானங்கள் அதைத் தேடிப் புறப்பட்டன. எதுவும் அகப்படவில்லை, விமானிகள் பத்திரமாகத் திரும்பினர். இதே போன்ற தேடலில் இறங்கி உயிருடன் திரும்பாதவர், அமெரிக்காவின் கேப்டன் தாமஸ் மேன்டெல்.

கென்டக்கி மாநிலம் பிராங்க்ளினில் 1922 ஜூன் 30-இல் பிறந்த மேன்டெல், 1942-இல் ராணுவ விமானப் பிரிவில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் துருப்புகளை ஏற்றிச் செல்லும் விமானங்களைச் செலுத்தி, வீரத்துக்கான பதக்கமும் பெற்றார். போருக்குப் பின்னர் 1947-இல் கென்டக்கி தேசியக் காவல் விமானப் படையில் இணைந்தார்.

1948 ஜனவரி 7-ஆம் தேதி பிற்பகல், வானில் விந்தையான பொருள் ஒன்று தெரிவதாக ஃபோர்ட் நாக்ஸ் அருகிலுள்ள காட்மேன் விமானத் தளத்துக்குத் தகவல் வந்தது. தளத்தில் இருந்தோரும் அதைக் கண்டனர். அவ்வழியே மேன்டெல் தலைமையில் சென்றுகொண்டிருந்த மஸ்டாங் விமானங்களிடம் அதனை அணுகிப் பார்க்குமாறு தளம் கேட்டுக்கொண்டது.

தாழப் பறக்கும் சாதாரணப் பயணமாதலால் மேன்டெலிடம் பிராணவாயுக் கருவி இல்லை. சுமார் 22,500 அடி உயரத்தில் உடன் வந்தோர் திரும்பிவிட, அவர் மட்டும் மேலே ஏறினார். பிராணவாயு இன்றி நினைவிழந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. விமானம் சுழன்று விழுந்து நொறுங்கிய இடம், அவர் பிறந்த பிராங்க்ளினுக்கு அருகிலேயே இருந்த ஒரு பண்ணை. அப்போது அவருக்கு வயது 25.

வேற்றுக்கிரகத்தவர் விமானத்தை வீழ்த்தினர் என்ற வதந்தி நாடெங்கும் பரவியது. அவர் கண்டது வெள்ளிக் கிரகம் என்று முதலில் கூறப்பட்ட விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. கடற்படை ரகசியமாகப் பறக்கவிட்டு வந்த ஸ்கைஹூக் என்ற ராட்சத ஆய்வு பலூனாக இருக்கலாம் என்பதே பின்னர் வலுப்பெற்ற கருத்து. அத்திட்டம் குறித்து விமானிகளுக்கோ தளத்தினருக்கோ எதுவும் தெரியாது. தன் நாட்டுப் படையின் ஒரு பிரிவு பறக்கவிட்டதையே மற்றொரு பிரிவின் வீரர் துரத்தி மாண்டார் என்பதே இந்த வாழ்வின் சோகம்.

இந்தியாவிலும் பலூன்கள் வானில் குழப்பம் விளைவித்துள்ளன. ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் 2016 குடியரசு தினத்தன்று பலூன் போன்ற பொருளை விமானப் படை சுட்டு வீழ்த்தியது. ஹைதராபாதிலிருந்து ஆய்வு பலூன்களை அனுப்பும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ, நாளிதழ்கள் வாயிலாக மக்களுக்கு முன்னறிவிப்புச் செய்வதை வழக்கமாகக் கொண்டுள்ளது. அத்தகைய ஓர் அறிவிப்பு அன்று காட்மேன் தளத்துக்குக் கிடைத்திருந்தால், மேன்டெல் அவ்வளவு உயரம் ஏறியிருக்கத் தேவையில்லை.