கழுத்தில் தொங்கிய செபமாலை

1687ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த குருவானவர் ஒருவர் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரே புனித யோசேவ்வாஸ் அடிகளார். குருக்களுக்கு அடைக்கலம் அளிப்போருக்கு மரண தண்டனை என ஒல்லாந்தர் ஆணையிட்டிருந்த காலம் அது. கடற்பயணத்திலேயே அவரைக் கடும் வயிற்றுக்கடுப்பு பற்றியிருந்தது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் அவரை ஊர்ப்புறத்தே ஒதுக்கிவிட்டனர். ஏழைப் பெண்ணொருத்தி கொண்டுவந்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்பர்.

உடல் தேறியதும் செபமாலையைக் கழுத்தில் அணிந்து, வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். கத்தோலிக்கர் யார் என வாய்விட்டுக் கேட்க வழியில்லை, கேட்டால் காட்டிக்கொடுக்கப்படலாம். எனவே பிச்சையிடுவோரின் கண்களைக் கவனித்தார். பலர் பிச்சைக்காரனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. யாருடைய பார்வை செபமாலையில் ஒரு கணம் தங்கியதோ, அவர்களிடம் மீண்டும் சென்றார். குருவின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த மந்தையை இவ்வாறே கண்டுபிடித்தார். சில்லாலை அவரது பணித்தளமாயிற்று. குறிஞ்சிப்பிட்டி போன்ற நம் கரையூர்களில் இன்று அச்சமின்றிச் செபமாலை அணியும் நமக்கு அந்தப் பார்வையின் விலை எளிதில் விளங்காது.

ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகவே, 1690இல் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்திற்கு வந்து பணியாற்றினார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் எனச் சிறையிடப்பட்டார். அவர் செபத்தால் மழை பெய்த அற்புதத்தையே நாம் அதிகம் பேசுகிறோம். எனக்கோ 1697ஆம் ஆண்டே பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்வாண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரைவிட்டு அகன்றான். நோயுற்றோரை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான யோசேப்பு கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்றனர், குடிசைகள் அமைத்தனர், புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். சமயம் எதுவென்று கேட்கவில்லை. ஒரு காலத்தில் தாமும் அப்படிக் கிடந்தவரல்லவா! யாரும் காண விரும்பாத முகங்களை நாள்தோறும் அருகிருந்து பார்த்தார். அதன்பின் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் ஆட்சியில் அவரது பணிக்கு இருந்த தடைகள் தளர்ந்தன.

1711 சனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது கல்லறை இருந்த இடம் மட்டும் இன்னும் அடையாளம் காணப்படவில்லை.