உயிர்ச்சத்து ஆராய்ச்சியாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

வெல்லாவெளிப் பகுதியிலே கருவுற்ற தாய்மார் கிளினிக்குச் செல்லுங்கால், குடும்பநல மருத்துவமாது அவர்தம் கையில் இடும் மருந்துகளுள் மஞ்சள் நிறமான சிறு குளிகையொன்று உண்டு. போலிக் அமிலம் என்பது அதன் பெயர். விற்றமின் பி வகுப்பைச் சார்ந்த உயிர்ச்சத்து அது. அதனை ஆய்கூடத்தில் ஆக்கிக் காட்டிய குழுவின் தலைவர் நம்மைப் போன்றே இந்துக் கல்விச்சாலை ஒன்றின் பழைய மாணவர் என்பதும், மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறியவர் என்பதும் நம் மாணவருட் பலர் அறியாதவை.

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் திகதி, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திலே, வறிய தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். சிறுவராயிருக்கையில், காசி யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்றெண்ணி வீட்டை விட்டு ஓடினார். அன்னையார் வெங்கம்மா அவரை மறித்துக் கொணர்ந்து மீண்டும் ஏட்டின் முன் இருத்தினார். மூன்றாம் முறையிலே சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து அவர் தேறினார்.

மாநிலக் கல்லூரியிற் பயிலுங்கால் இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து துறவு பூண விழைந்தார். தாயார் இசைந்திலர், மருத்துவம் கற்று மக்கட்குத் தொண்டு செய்யுமாறு சங்கத்தாரும் அறிவுறுத்தினர். காரைதீவு தந்த நம் விபுலானந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியராயிருந்து, பின்னர் அதே சங்கத்தை அடைந்து 1924 இல் துறவியாயினார். துறவியாக விரும்பிய சுப்பாராவோ விஞ்ஞானியாயினார்.

அவர் உள்ளத்தை ஆராய்ச்சியின்பால் திருப்பியது ஒரு பெருந்துயர். எட்டு நாட்களுள் அவருடைய சகோதரர் இருவர் ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். ஸ்புரூ என்னும் வெப்பவலய நோய் அவர்களைக் கொண்டது. நம் நாட்டு வைத்தியர் கிரகணி என வழங்கும் இனத்தைச் சார்ந்த அந்நோயில், உண்டது உடலிற் சேராது கழியும், நாப் புண்படும், குருதி குன்றும். அன்று அதற்கு உறுதியான மருந்து இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரியிலே காந்தியடிகளின் கட்டளைப்படி கதராடை அணிந்து சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகுந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. சில காலம் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த பின், 1920 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். அங்கே வைத்தியசாலை ஒன்றில் இரவு வேலை செய்து வயிறு வளர்த்தார். ஹாவாட்டில் பிஸ்கே என்பாருடன் கூடி, குருதியிலுள்ள பொசுபரசை அளக்கும் முறையை 1925 இலும், தசைக்குச் சக்தி நல்கும் பொசுபோகிரியாற்றினை 1927 இலும், ஏ.ரி.பி. என்னும் பொருளை 1929 இலும் வெளியிட்டார். இத்துணை செய்தும் ஹாவாட் அவருக்கு நிரந்தரப் பதவி நல்கவில்லை. 1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்குச் சென்றார்.

இதற்கு முன்னரே, பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களைப் பீடித்த ஒருவகைக் குருதிச்சோகை மதுவச் சாரமாகிய மாமைற்றினால் மாறுவதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியை 1931 இல் வெளியிட்டிருந்தார். மாற்றிய பொருள் யாதென அப்போது தெரியவில்லை. 1941 இல் கீரையிலிருந்து அத்தகைய சத்தொன்றைப் பிரித்தோர், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் போலிக் எனப் பெயரிட்டனர்.

அதன் தொழிலைச் சிறிது விரித்துரைத்தல் தகும். நம் செங்குழியம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாட்களே வாழும். இழப்பை ஈடுசெய்ய, என்பு மச்சை வினாடிதோறும் இருபது இலட்சம் வரையில் புதியன ஆக்குகின்றது. ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் அதன் கருவிலுள்ள டி.என்.ஏ. இருமடங்காதல் வேண்டும். அதனைக் கட்டுதற்கு வேண்டும் கரிக்கூறுகளை ஒவ்வொன்றாய் ஏந்திக் கொடுப்பது போலிக் அமிலம். அது குறைந்தால் கலம் பருக்கும், பிரியாது. முதிராப் பெருங்கலங்கள் மச்சையிலேயே மடிய, குருதிச்சோகை தோன்றும். குடலின் உட்படலமும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவதாதலின் அதுவும் நலியும். ஸ்புரூவின் கொடுமை இதுவே: நைந்த குடல் சத்தை ஏற்காது, சத்தில்லாமையாற் குடல் மேலும் நையும்.

கருவிலுள்ள குழந்தையின் முள்ளந்தண்டு உருவாகும் நரம்புக் குழாய் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடும். தாய் தான் கருவுற்றதை அறியுமுன்னரே அது நிகழ்தல் உண்டு. அக்குறைபாட்டை இக்குளிகை பெரிதும் தடுப்பதை 1991 இல் வெளிவந்த ஆராய்ச்சி நிறுவியது. ஆதலின் கருவுறுமுன்பே நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் கொள்ளல் வேண்டும் என்பர். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கவுப்பி, ஈரல் ஆகியவற்றில் இச்சத்து உண்டு. எனினும் நெடுநேரம் வேகவைத்தால் அழியும், நீரிலும் கரையும். கீரை அவித்த நீரைக் கொட்டுவோர் சத்தின் பெரும்பகுதியை வாழைக்கே வார்க்கின்றனர்!

1945 இல் போலிக் அமிலத்தின் ஆக்கமுறை வெளிவந்தபோது அவ்வறிக்கையிற் பதினாறு பெயர்கள் இருந்தன. சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே ஸ்புரூ நோயாளர் அம்மருந்தால் நலமுற்றமை பதிவாயிற்று. அது எல்லாச் சோகைக்கும் மருந்தன்று. விற்றமின் பி12 குறைந்தோர்க்குக் குருதியைத் திருத்தினும், நரம்பின் கேட்டை அது தடுப்பதில்லை.

அவ்வமிலத்தைப் போல நடித்துக் கலப்பிரிவைத் தடுக்கும் அமினோப்ரெறினையும் அவர் குழுவினர் ஆக்கினர். குருதிப் புற்றுநோயுற்ற சிறுவர் சிலர்க்கு அதனால் தற்காலிகத் தணிவு கிட்டியதை பொஸ்டனில் பார்பர் என்னும் வைத்தியர் 1948 இல் வெளியிட்டார். யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மருந்தும் சுப்பாராவின் ஆய்கூடத்திற் பிறந்ததே. இலங்கை அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையினின்று ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது.

1948 ஆகஸ்ட் மாதத்தில், 53 ஆம் வயதில், மாரடைப்பால் உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். இந்திய அரசு 1995 இல் அவர் உருவப் படத்துடன் தபால் முத்திரை வெளியிட்டது. 1919 இல் அவரை மணந்த சேஷகிரி அம்மையார் இந்தியாவிலேயே தங்கியிருந்தார். அவர்களுக்குப் பிறந்த ஆண்மகவு சிசுப்பருவத்திலேயே இறந்தது. கடல் கடந்து சென்ற கணவரை அவ்வம்மையார் மீண்டும் கண்டிலர்.