தோட்டக்கூலிக்குப் பரிந்து பேசிய நடேச ஐயர்

நேசரே! நமது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் காணும்போது, இராஜேந்திர சோழன் ஈழத்தின்மேல் படையெடுத்தது உமக்கு ஞாபகம் வரும். அதற்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுக்குப் பின் திருச்சிராப்பள்ளி ஜில்லா ஏழைகளும் ஈழம் போனார்களே, அவர்களை நினைத்ததுண்டா? வாளும் வேலுமாயல்ல, மூட்டையும் கைக்குழந்தையுமாய், கங்காணிக்குப் பட்ட கடனையும் சுமந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுக்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றிக் கேளும். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்ல, அதனாலென்ன?

கோதண்டராம நடேச ஐயர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணர். 1920-ஐ ஒட்டி இலங்கை சென்றார். அந்நியர் எவரும் தோட்டத்தில் கால்வைக்கத் துரைமார் இடங்கொடாத காலம் அது. ஆகவே புடவை வியாபாரிபோல் வேஷந்தரித்து லயங்களுக்குள் புகுந்தார். ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் அடைந்து கிடப்பதையும், கூலி கடனுக்கே போவதையும் கண்ணாரக் கண்டார். கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். 1925 முதல் சட்டசபையிலும் பேசினார்.

அப்போது நடந்த விவாதம் இதுதான்: உழைப்பாளியின் கூலியைச் சந்தைதான் தீர்மானிக்குமா, அல்லது சர்க்கார் ஓர் அளவுகோல் வைக்கலாமா? ஒப்புக்கொண்ட கூலியென்பதாலேயே அது நியாயமாகிவிடாது, சிக்கனமாய் வாழும் உழைப்பாளியைப் போஷிக்க அது போதவேண்டும் என்று பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-லேயே தம் நிருபத்தில் போதித்திருந்தார்.

இலங்கையில் 1927-ல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. இது ஐயர் ஒருவரால் வந்ததென்று சொல்லமாட்டோம்; இந்திய சர்க்காரின் நெருக்குதலே பெரிய காரணம். 1929 முதல் மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுபிள்ளைக்கு 32. கூடை நிறையக் கொழுந்து கிள்ளியவள் பெண்தான். அவளுக்கு 11 சதம் குறைவு! பிள்ளைக்குக் கூலி விதித்ததைப் பார்த்தீரா? பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பிள்ளை அது.

அந்தக் காசும் நிலைக்கவில்லை. உலகமெங்கும் வியாபாரம் படுத்து, தேயிலை விலை சரிந்ததும், 1930-க்குப் பின் கூலியை வெட்டினார்கள். ஐயர் 1931-ல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சங்கம் கண்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக்கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகையைவிட அந்தப் பாட்டுத்தான் எட்டியிருக்கும் என்பது நம் எண்ணம்.

1936-ல் அட்டன் ஜனங்கள் ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1947-ல் அவர் காலமானார். மறுவருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் அத்தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்த தேசத்துக்கும் சொந்தமில்லாதவராயினர்.