கடன் வாங்கிய காரைக் கழற்றியவர்

அமெரிக்காவில் ரெயில்வே பட்டறை அதிகாரியாக இருந்தவர் வால்ட்டர் கிரைஸ்லர். 1908-ம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் ஒரு காரைக் கண்டார். மனதைப் பறிகொடுத்தார்.

விலை 5,000 டாலர். அவரிடம் இருந்ததோ 700 டாலர்தான். மீதிக்குக் கடன் வாங்கினார்!

கார் வீடு வந்து சேர்ந்தது. சவாரி போகலாம் என்று மனைவி டெல்லாவும் குழந்தைகளும் ஆசையோடு காத்திருந்தார்கள். கிரைஸ்லரோ காரைக் கொட்டகையில் நிறுத்தினார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். எது எதை இயக்குகிறது என்று ஆராய்ந்தார். மறுபடி பூட்டினார். மீண்டும் கழற்றினார்! சுமார் 3 மாதம் கார் தெருவுக்கே வரவில்லை.

பிறகு ஓட்டினார். கார் பக்கத்துத் தோட்டத்தில் போய்ச் சிக்கியது!

ஆனால், கொட்டகையில் கற்ற பாடம் வீண் போகவில்லை. 1925-ல் தம் பெயரிலேயே கார் கம்பெனி தொடங்கினார். 1940-ல் அவர் மறைந்தபோது, அந்தப் பெயர் உலகப் புகழ் பெற்றிருந்தது.