கணக்கறிந்த கல்வி

திண்டுக்கல் பேகம்பூர் போன்ற ஊர்களிலிருந்தும் இன்று மாணவர்கள் கடல் கடந்து படிக்கச் செல்கின்றனர். எந்த நாடு, எந்தப் பட்டம், எவ்வளவு செலவு என்பன அவர்கள் முன் நிற்கும் வினாக்கள். அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய வினா இன்னொன்றும் உண்டு. கற்ற கல்வி யாருக்குப் பயன்படும் என்பதே அது. அவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா.

அவர் 1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது அவருடைய இளமைப் பெயர். இலண்டன் சென்று கணக்குத் தணிக்கை பயின்ற அவர், அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர்ப் பம்பாய் திரும்பித் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடையும் வசதியான வாழ்வும் அவருக்கு இயல்பாயின.

1927ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டம் பெற்றபின், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். அக்காலத்தில் இந்திய வறுமையைப் பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு தூண்டினார். வரியாகத் திரட்டப்பட்ட பணம் எங்கே சென்றது என்று ஆராய்ந்தபோது, அதன் பெரும்பகுதி மக்கள் நலனுக்கன்றி ஆட்சியின் தேவைகளுக்கே செலவானதைக் குமரப்பா உணர்ந்தார். அயல்நாட்டு வகுப்பறை அவருக்குத் தம் நாட்டையே புதிதாகக் காட்டியது.

அந்த ஆய்வேட்டுடன் 1929ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஆய்வைப் பாராட்டிய அடிகள் அதனைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார். குசராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை ஆராயும் பொறுப்பும் குமரப்பாவிடம் வந்தது. மாணவர்களுடன் 54 ஊர்களின் வரவு செலவை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். மேனாட்டு உடையைக் களைந்து கதர் அணிந்தார். கார்னீலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். கிறித்துவ நெறியை மட்டும் இறுதிவரை கைவிடவில்லை.

இலண்டனில் கற்ற தணிக்கை 1934ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தின்போது பெரிதும் பயன்பட்டது. நிவாரண நிதியின் கணக்கைக் காத்த அவர், அங்கு வந்த காந்தியடிகளின் குழுவினருக்கான செலவைக்கூட அந்நிதியிலிருந்து வழங்க இசையவில்லை. துன்புற்றோருக்கென வந்த பணம் துன்புற்றோருக்கே உரியது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளரானார். வார்தாவின் மகன்வாடியில் கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைக்காகிதம் முதலிய தொழில்களை வளர்த்தார். விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைபவை. மரமும் பயிரும் பேணினால் மீண்டும் வளர்பவை. இரண்டாவதைச் சார்ந்த பொருளாதாரமே நிலைக்கும் என்று அவர் தம் நூல்களில் விளக்கினார். சுற்றுச்சூழல் குறித்த விழிப்புணர்வு பரவும் முன்னரே அவர் கண்ட உண்மை இது.

தம் இறுதிக் காலத்தில் மதுரைப் பகுதியிலுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளன்று, மறைந்தார்.

இலண்டனும் நியூயார்க்கும் அவருக்குத் தொழிலையும் பட்டத்தையும் தந்தன. அவற்றைக் கொண்டு அவர் ஏழை உழவரின் வரவு செலவை எழுதினார். அயல்நாட்டுக் கல்வியை நாடும் மாணவர், செல்லும் வழியோடு அது பயன்படும் இடத்தையும் எண்ணிப் பார்ப்பது நன்று.